ஈசிஜி நார்மல், ஆனால் படபடப்பு நிற்கவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 34. சில மாதங்களாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறது, இரவு படுத்த பிறகும் வருகிறது. ஸ்மார்ட் வாட்ச்சில் பார்த்தால் 130, 140 என்று காட்டுகிறது. கை நடுங்கி, விரல்கள் மரத்துப்போய், செத்துவிடுவேனோ என்ற பயமே வந்துவிடுகிறது. ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். ‘வெறும் டென்ஷன்தான்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது மாடிப்படி ஏறவே பயமாக இருக்கிறது. இது இதயக் கோளாறா, மனசா? படபடப்பு வரும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உங்கள் ஈசிஜியைப் பற்றிப் பேசிவிடுவோம். வழக்கமாக எடுக்கும் ஈசிஜி பதிவு செய்வது சுமார் பத்து விநாடிகளை மட்டும்தான். அந்தப் பத்து விநாடியில் உங்களுக்குப் படபடப்பு இருந்ததா? இல்லையென்றால், அமைதியாக இருக்கும்போது உங்கள் இதயத்தின் மின்னோட்டம் ஒழுங்காக இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. எக்கோ இதயத்தின் தசையையும் வால்வுகளையும் காட்டும். இரண்டும் நார்மல் என்பது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆபத்தான துடிப்புக் கோளாறு இருப்பதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் படபடப்பு இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை. ‘டென்ஷன்’ என்பது அநேகமாகச் சரியான ஊகம்தான், ஆனாலும் ஊகம்தான். உங்கள் பயம் அடங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை வரும்போது, அது எப்படித் தொடங்கி எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். பதற்றத்தால் வரும் வேகம் ஓரிரு நிமிடங்களில் ஏறும், பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல மெல்ல இறங்கும். எஸ்.வி.டி. என்ற துடிப்புக் கோளாறு அப்படி இல்லை. ஒரே நொடியில் தொடங்கும், ஒரே நொடியில் நிற்கும். துடிப்பு பெரும்பாலும் 150 முதல் 220 வரை போகும், கழுத்தில் அடிப்பது போலத் தெரியும். நின்ற பிறகு சிலருக்குச் சிறுநீர் நிறையப் போகும். எஸ்.வி.டி. உள்ளவர்களை, அதிலும் பெண்களை, ‘பயப்படுகிறீர்கள்’ என்று சொல்லியே திருப்பி அனுப்புவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. இவை தவிர, ஒரு துடிப்பு தவறி அடுத்தது ‘தொம்’ என்று விழும் அனுபவமும் உண்டு. அது முன்கூட்டியே வரும் எக்டோபிக் துடிப்பு. ஆரோக்கியமான இதயங்களிலும் சகஜம்.

நீங்கள் சொல்லும் 130, 140 என்ற எண்ணும், மரத்துப்போகும் விரல்களும் முதல் வகையைத்தான் காட்டுகின்றன. பயத்தில் நமக்கே தெரியாமல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குகிறோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. அதற்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, படபடப்பை எப்படிப் பிடிப்பது? தினமும் வருகிறது என்றால் 24 அல்லது 48 மணி நேரம் உடலில் மாட்டி ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் ஹோல்ட்டர் கருவி போதும். வாரத்துக்கு ஒரு முறைதான் என்றால் அதில் சிக்காமல் போகலாம். ஒன்றிரண்டு வாரம் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பதிவுக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் வாட்ச்சில் ஈசிஜி எடுக்கும் வசதி இருந்தால் இன்னும் எளிது. படபடப்பின்போது ஒரே ஒரு முறை பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். வாட்ச் திரையில் தெரியும் எண்ணைவிட அந்தக் கோட்டுப் பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம். கையை அசைத்தாலே எண் தப்பாகிவிடும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு (டி.எஸ்.எச்.), சர்க்கரை, பொட்டாசியம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு இந்தப் படபடப்பைக் கொடுக்க ரத்தசோகை ஒன்றே போதும். காபி, எனர்ஜி டிரிங்க், சிகரெட், மது, தூக்கமின்மை, ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகள், அளவு மீறிய தைராய்டு மாத்திரை என்று தூண்டுபவை பல. நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் டாக்டரிடம் சொல்லுங்கள், கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட.

படபடப்போடு மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சில் அழுத்தும் வலி இருந்தாலோ, உட்கார்ந்தபடியே மூச்சுத் திணறினாலோ, ஓய்வில் 120-க்கு மேல் ஓடும் துடிப்பு அரை மணி நேரமாகியும் குறையாவிட்டாலோ நேராக அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அங்கே முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், துடிப்பு அடங்குவதற்குள். உடற்பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, இதய மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

இனி, வரும் நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்வி. உட்காருங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ‘நல்லா ஆழமா மூச்சு விடு’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள்; அதைக் கேட்காதீர்கள். பெரிய மூச்சாக இழுத்தால் மரத்துப்போவது கூடத்தான் செய்யும். மூச்சு மெதுவாக இருக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டியதில்லை. காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியமும் வேண்டாம். உண்மையில் வேறு நோயாக இருந்தால் அது ஆபத்து. மூச்சு சற்று சீரானதும், பாதியில் விட்ட வேலையைத் தொடருங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் அதையே கழுவுங்கள். துடிப்பை நிறுத்தியே தீருவேன் என்று மல்லுக்கட்டினால் பயத்தில் சுரந்து துடிப்பைக் கூட்டும் அட்ரினலின்தான் இன்னும் கொஞ்சம் சுரக்கும்.

எஸ்.வி.டி. என்று உறுதியானவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து, ஊசி இல்லாத காலி சிரிஞ்சின் முனையில் வாயை வைத்து உள்ளிருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி முக்கி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் இரண்டு காலையும் தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். இது வேகஸ் நரம்பைத் தூண்டி, துடிப்புக்குக் கடிவாளம் போடும். 2015-ல் வெளியான ஆய்வில், உட்கார்ந்தபடி முக்குவதால் மட்டும் சரியானவர்கள் 17 சதவீதம். இப்படிப் படுத்துக் காலைத் தூக்கியபோது 43 சதவீதம். முதல் முறை டாக்டர் முன்னிலையில் கற்றுக்கொள்ளுங்கள். கழுத்து ரத்தக்குழாயை அழுத்துவதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். எஸ்.வி.டி.க்கு கதீட்டர் என்ற மெல்லிய குழாய் மூலம் கோளாறான மின்பாதையை அழிக்கும் அப்லேஷன் சிகிச்சையில் பெரும்பாலானவர்களுக்கு நிரந்தரமாகவே குணமாகிவிடுகிறது.

பதிவில் துடிப்பு சாதாரணமானது, வேகம் மட்டும்தான் கூடுகிறது என்று தெரிந்தால்? அங்கேதான் உங்கள் உண்மையான வேலை தொடங்குகிறது. ‘இதயமா, மனசா’ என்று கேட்டீர்கள். துடிப்பு நிஜம், அட்ரினலின் நிஜம். அதைக் கேட்டு மிரளும் மூளை இன்னும் அட்ரினலினை ஊற்றுகிறது. இது புதிதும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களுக்கு இப்படி ஓடும் துடிப்பை டாகோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே விவரித்திருக்கிறார். கட்டுடலோடு இருந்த இளைஞர்களுக்கும் வந்ததுதான்.

இந்தச் சுழலை வளர்ப்பது நாம் செய்யும் சோதனைகளே. மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது, வாட்ச்சைத் திரும்பத் திரும்பத் தட்டுவது, இணையத்தில் தேடுவது, மாதம் ஒரு ஈசிஜி. ஒவ்வொன்றும் அரை நாள் நிம்மதி கொடுத்துவிட்டு, ‘இதைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து’ என்று மூளைக்குப் பாடம் எடுத்துவிடும். இடப்பக்கம் படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வருவதால் துடிப்பு கூடுதலாகத் தெரியும்; இரவு படபடப்புக்கு இதுவும் ஒரு காரணம். வலப்பக்கம் திரும்பிப் படுங்கள்.

மாடிப்படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். படி ஏறும்போது 120, 130 ஆவது இதயம் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். படியைத் தவிர்க்கத் தவிர்க்க உடலின் தாங்கும் சக்தி குறைகிறது. பிறகு நாலு படிக்கே துடிப்பு எகிறும், பயம் சரிதான் என்று தோன்றும். பரிசோதனைகள் முடிந்து டாக்டர் சரி சொன்னதும், முதலில் ஒரு மாடி, அப்புறம் இரண்டு என்று ஏறுங்கள். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுங்கள். சி.பி.டி. என்ற உளவியல் சிகிச்சையில் இதையே முறையாகச் செய்கிறார்கள்: நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடவைத்து, துடிப்பை வேண்டுமென்றே கூட்டி, அது தானாக இறங்குவதைப் பார்க்க வைப்பார்கள். பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் மூன்று நான்கு மாதங்களில் நல்ல மாற்றம் தெரியும். இப்படித் திடீரென்று வரும் பயத் தாக்குதலுக்கு (பேனிக் அட்டாக்) நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

மாத்திரையும் தேவைப்படலாம். பதற்றத்தைக் குறைக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் பதற்றம் சற்றுக் கூடுவதுபோலக்கூட இருக்கலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். உடனே அமைதி தரும் தூக்க வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடும். அவற்றை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். புரோப்ரனோலால் என்ற மாத்திரை துடிப்பைக் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

ஆக, இப்போதைக்கு ரத்தப் பரிசோதனை, ஒரு பதிவு, அவ்வளவுதான். அதில் கோளாறு இல்லை என்றால் இரண்டாவது எக்கோவுக்கு ஓட வேண்டாம். படபடப்பின் தன்மை மாறினாலோ, மேலே சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது வந்தாலோ மட்டும் மறுபடி காட்டுங்கள்.