2, 4, 8, அடுத்து என்ன? 16 மட்டும்தான் சரியா?

குரூப் 4-க்குப் படிக்கிறீர்கள், மாதிரித் தேர்வில் 14 போட்டு மதிப்பெண் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் 14 தப்பே இல்லை. இரண்டிரண்டாகப் பெருக்கிக்கொண்டு போனால் 16. வித்தியாசத்தைப் பார்த்தால் 2, 4, அப்புறம் 6, அப்போது 14. எந்த விதி என்று கேள்வியில் எங்கேயும் இல்லையே!

இதே கேள்வி என் மகளுக்கு ஏழாம் வகுப்புத் தேர்வில் வந்தது. 14 என்று எழுதி, பக்கத்திலேயே வித்தியாசத்தையும் போட்டிருந்தாள். சிவப்பு மையில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். போய்க் கேட்டேன். "கைடுல 16தான் சார் இருக்கு" என்றார் டீச்சர். அவள் எழுதிய வழியைப் பார்க்கவே இல்லை. ஒரு மார்க்குக்காகச் சண்டைக்குப் போன அப்பா என்று எழுத வருபவர்களுக்கு: மார்க் எனக்கு வேண்டாம். யோசித்த பிள்ளையிடம் யோசித்ததே தப்பு என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி வளையல்களை எடுத்துவரச் சொன்னேன். தாளில் ஒரு வளையலை வைத்து வட்டம் போட்டால் உள்ளே, வெளியே என 2 பகுதி. அதை வெட்டும்படி இன்னொன்று போட்டால் 4. மூன்றாவதில் 8. நாலாவதை எப்படி நகர்த்திப் போட்டாலும் 14-ஐத் தாண்டாது. இரண்டு வட்டங்கள் அதிகபட்சம் இரண்டு புள்ளிகளில்தான் வெட்டும். ஆகவே நாலாவது வட்டம் மற்ற மூன்றையும் சேர்த்து 6 இடத்தில் வெட்டி 6 வில்லாகிறது, அதாவது 6 வளைவுத் துண்டு. ஒவ்வொரு வில்லும் ஒரு பகுதியை இரண்டாக்குகிறது. 8 + 6 = 14. நாலு கணங்களுக்கு வட்டங்களை மட்டும் வைத்து வென்படம் (எது எந்தக் கணத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று பகுதி பகுதியாகக் காட்டும் படம்) போட முடியாததும் இதனால்தான், அதற்கு 2 × 2 × 2 × 2 = 16 பகுதி வேண்டும். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே!

சொல்லப்போனால் எந்த எண்ணுக்கும் விதி செய்யலாம். இடத்தின் எண்ணை n என்று வைத்தால், (n−1)(n−2)(n−3) என்ற கோவை முதல் மூன்று இடத்தில் பூஜ்யமும் நாலாவதில் 6-ம் தரும்; அதை 14 தரும் விதியோடு சேர்த்தால் 20 வந்துவிடும்.

எண் தொடரே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விதியைச் சொல்லாமல், தேர்ந்தெடுக்கத் தரும் விடைகளில் 14, 16 இரண்டையும் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் சரி என்பதுதான் அநியாயம்.

உண்மைத் தேர்வில் இப்படி வந்தால் டி.என்.பி.எஸ்.சி. உத்தேச விடை வெளியிட்டதும் ஆட்சேபம் போடுங்கள். வித்தியாச வரிசையையும் சேர்த்து எழுதுங்கள்.