தலைக்குள் வைக்காதீர்கள், கைக்கு எட்டும்படி வையுங்கள்: ஏடிஹெச்டி கேள்வி பதில்

எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அமைதியின்மை, அவசரப்படுதல் ஆகியவற்றால் அன்றாட வேலைகளைச் சிக்கலாக்கும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு) இருக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்தபோது என் வயது 37. அதன் பிறகு பதினொரு ஆண்டுகளாக இதைப் பற்றிப் படித்து வருகிறேன். இதே சிக்கலோடு வாழும் பெரியவர்கள் சிலர் மதுரையில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். நான் மருத்துவர் அல்ல. மருந்து பற்றிப் பொதுவாகச் சொல்வேன். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, காலை ஒன்பதரை மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ஆனாலும் மதியம் மூன்று மணி வரை தொடங்க முடிவதில்லை. திட்டமிட உதவும் செயலிகள் ஐந்தாறு போட்டுப் பார்த்துவிட்டேன். நான் சோம்பேறியா? (மென்பொருள் பணியாளர், சென்னை)

சோம்பேறிக்கு வேலை செய்யாமல் இருப்பது சுகமாக இருக்கும். நீங்களோ அந்த ஐந்தரை மணி நேரமும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறீர்கள் தம்பி. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது இதைத்தான்: என்ன செய்ய வேண்டும் என்பது ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை அந்த நேரத்தில் செய்வதில்தான் தடை. அதனால் உதவியும் அந்த வேலை நடக்கும் இடத்திலேயே காத்திருக்க வேண்டும். செயலிக்குள் இருக்கும் பட்டியலை நீங்கள் திறந்தால்தானே அது கண்ணில் படும்?

இன்று மாலை மடிக்கணினியை மூடும் முன், நாளைய முதல் வேலையின் முதல் அசைவை ஒரு துண்டுத் தாளில் எழுதி விசைப்பலகை மேல் வைத்து மூடுங்கள். "அறிக்கை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் மனம் மலைத்துப் பின்வாங்கும். "கோப்பைத் திற, இரண்டாம் பத்தியின் தலைப்பை மட்டும் தட்டச்சு செய்" என்று எழுதுங்கள். காலையில் திறந்தவுடன் தாள் விரலில் தட்டுப்படும். அந்த ஒரு வரியைச் செய்வதுதான் ஒன்பதரை மணிக்கு உங்கள் கடமை, வேறு எதுவும் இல்லை.

இன்னொன்று, பக்கத்தில் ஒரு ஆள். அவர் உதவ வேண்டாம், பேசவும் வேண்டாம், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் காணொலி அழைப்பை மௌனமாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேருக்குக் கைகொடுத்தது இதுதான்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு நிமிடம் என்று போவேன். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நினைவு வரும். வாரத்துக்கு இரண்டு முறையாவது இப்படி ஆகிறது. (இல்லத்தரசி, திருநெல்வேலி)

"இனி கவனமாக இருப்பேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அந்த உறுதிமொழியை விட்டுவிடுங்கள் அம்மா. கையில் இருக்கும் வேலையை மனதில் பிடித்து வைத்திருக்கும் செயல்நினைவு நம்மில் பலருக்குப் பலவீனமானது. வாசலில் மணி அடித்த நொடியே பால் அதிலிருந்து நழுவிவிடுகிறது.

அடுப்பங்கரையை விட்டு நகரும்போது கரண்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். கூடத்தில் துணி மடிக்க உட்கார்ந்தால் கரண்டி இடைஞ்சல் செய்யும், "இது ஏன் என் கையில் இருக்கிறது?" என்று கேட்டவுடன் அடுப்பு நினைவுக்கு வந்துவிடும். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். ஒரே நிபந்தனை: அடுப்பை அணைத்த பிறகுதான் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும்.

என் கணவர் கிரிக்கெட் ஆட்டத்தை நாள் முழுக்க அசையாமல் பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தைக் கட்ட மறந்துவிடுகிறார். இதை நோய் என்று எப்படி நம்புவது? (கோவை)

உங்கள் களைப்பு நியாயமானது. இரண்டு பேர் நினைவையும் நீங்கள் ஒருவரே சுமக்கிறீர்கள். ஆனால் அவருக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அதைத் திருப்பும் கடிவாளம்தான் கையில் நிற்பதில்லை. ஆர்வம், புதுமை, அவசரம் ஆகிய மூன்றும் இழுத்தால் அது போகும். மின்கட்டணத்தில் இந்த மூன்றும் இல்லை, கடைசி நாள் வரும் வரை. ஏடிஹெச்டி உள்ளவர்களில் பலருக்கு "இப்போது", "பிறகு" என்று காலம் இரண்டே பகுதிதான். இருபதாம் தேதி என்பது பிறகு.

மாறாத தேதியில் வரும் பணங்களை வங்கியே செலுத்தும்படி ஒருநாள் இருவரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்துவிடுங்கள். மற்ற வேலைகளை நேரத்தோடு கட்டாமல் செயலோடு கட்டுங்கள்: "சாயங்காலம் கட்டுங்கள்" என்பதை விட "வண்டியை நிறுத்தியவுடன், ஹெல்மெட்டைக் கழற்றும் முன் கட்டுங்கள்" என்பது நிற்கும். அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டும்போது மட்டும் எதையும் சொல்லி அனுப்பாதீர்கள். அது காற்றில் போகும்.

காபி உதவுமா? (சேலம்)

சிறிது விழிப்பு தரும். மாலையில் குடித்தால் உறக்கத்தைக் கெடுத்து மறுநாள் கவனத்தையும் சேர்த்துக் கெடுக்கும். மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கும் இது இருக்குமோ என்று தோன்றுகிறது. ஸ்கேனில் தெரியுமா? எங்கே போவது? (வங்கி ஊழியர், 34, திருச்சி)

ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ தெரியாது. உங்கள் வாழ்க்கையைக் கேட்டுத்தான் கண்டறிவார்கள். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற கையேட்டின்படி, அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 17 வயது நிறைந்தவர்களுக்கு கவனக்குறைவு, மிகைத்துடிப்பும் அவசரமும் என்ற இரு பிரிவுகளில் ஏதாவது ஒன்றின் ஒன்பது அறிகுறிகளில் ஐந்து போதும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை தென்பட வேண்டும். ஆகவே பழைய பள்ளி முன்னேற்ற அறிக்கைகளைத் தேடி எடுத்துப் போங்கள். என் ஐந்தாம் வகுப்பு அறிக்கையில் "புத்திசாலி, கவனம் போதாது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மருத்துவர் அதைத்தான் நீண்ட நேரம் பார்த்தார்.

மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவையும் இதேபோல் தோற்றம் காட்டும். சிறுவயதில் இல்லாமல் அண்மையில் தொடங்கிய மறதி என்றால் முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தயக்கமாக இருந்தால் 14416 என்ற, அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மனாஸின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நண்பரிடம் இருப்பதை ஒருநாள் போட்டுப் பார்க்கலாமா? (ஈரோடு)

போடாதீர்கள். ஏடிஹெச்டிக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் தூண்டு மருந்தான மெத்தில்ஃபெனிடேட் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சற்று உயர்த்தக்கூடியது. அவருடைய அளவு அவர் உடம்புக்குப் பார்த்துக் கொடுத்தது. இந்தியாவில் அது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்தும்கூட. மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் எடுப்பவர்கள் அடிமையாகும் வாய்ப்பு குறைவு. தூண்டு மருந்து ஒத்துவராதவர்களுக்கு அந்த வகையைச் சேராத அட்டோமாக்ஸெட்டின் என்ற மருந்து உண்டு. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிட்டு வந்து வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை எந்த வேலையைச் செய்வது என்று தேர்ந்தெடுத்துத் தராது. அது வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் கைப்பேசியைத் திறந்தால் கவனம் முழுவதும் அதற்குள் இறங்கிவிடும். துண்டுத் தாள் அப்போதும் வேண்டும்.

என் மகனுக்கு இது இருப்பதாகச் சொன்னார்கள். அவனைப் பற்றி மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கே "ஆம்" என்று தோன்றியது. 52 வயதில் இனித் தெரிந்து என்ன ஆகப் போகிறது? (ஆசிரியை, தஞ்சாவூர்)

டீச்சர், இது பெரும்பாலும் மரபுவழி வருவது. மகனைக் காட்டப் போய்த் தன்னைக் கண்டுகொண்ட அம்மாக்கள் எங்கள் கூட்டத்திலேயே மூன்று பேர். பெண்களுக்கு ஓட்டமும் துள்ளலும் வெளியே தெரியாமல் கவனக்குறைவு மட்டும் இருக்கும்போது, "கனவு காண்கிறாள்" என்று சொல்லிப் பள்ளியிலேயே விட்டுவிடுகிறார்கள். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். உறுதியானால் மகனோடு சேர்ந்தே பழகலாம்.

என் அம்மாவிடம் நான் சொன்னபோது அவருக்கு 66 வயது. ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போடுவார். சில நாள் நான்கு முடிச்சுகள் இருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்போம். நான் சொல்லி முடித்ததும் அவர் முந்தானையை எடுத்து ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன்" என்றார்.