போர்ட் பிளேர் – அகத்தி: 3 மணி நேரமா, 2 நாளா?

கேள்வி: நாங்கள் போர்ட் பிளேரில் இருக்கிறோம். டிசம்பரில் 70 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு லட்சத்தீவு போக ஆசை. அங்குள்ள அகத்தித் தீவு 2,250 கி.மீ., விமானத்தில் 3 மணி நேரம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. டிக்கெட் தேடினால் 2 நாள் ஆகிறது. முதல் நாள் சென்னையில் தங்கி, மறுநாள் காலை 7.55-க்குக் கொச்சியில் இறங்கி, 9.15-க்கு அகத்தி விமானம் பிடிப்பதாகத் திட்டம். இரண்டும் தனித்தனி டிக்கெட். வாங்கலாமா?

பதில்: இந்த டிக்கெட்டை வாங்காதீர்கள்.

அந்தத் தளம் சொல்லும் தூரம் சரி. ஆனால் அது வரைபடத்தில் கோடு போட்டு அளந்த தூரம். அதை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து 3 மணி நேரம் என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோட்டில் பயணிகள் விமானம் எதுவும் பறப்பதில்லை. பெரிய விமானம் அகத்தியில் இறங்கவும் முடியாது. ஓடுபாதையே சுமார் 1,200 மீட்டர்தான், இரு முனையிலும் கடல். ஏ.டி.ஆர். மாதிரியான சிறிய புரொப்பெல்லர் விமானம்தான் போகும். ஆக உங்கள் வழி சென்னை, கொச்சி, அகத்தி. மூன்று துண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 2,360 கி.மீ. நேர்க்கோட்டைவிட சுமார் 110 கி.மீ.தான் கூடுதல். நாளைத் தின்பது தூரம் இல்லை, காத்திருப்பு.

இப்போது கொச்சிக் கணக்கைப் பாருங்கள். 7.55-க்கு இறங்குகிறீர்கள். தனி டிக்கெட் என்பதால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. பெல்ட்டில் எடுத்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் செக்-இன் செய்ய வேண்டும். புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுன்டரை மூடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.15. கையில் இருப்பது 20 நிமிடம்! வீல்சேர் வருவதற்கே அது போதாது. சென்னை விமானம் தாமதமானால், அகத்தி விமானத்தைத் தவறவிட்ட பொறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு பயணமும் இருந்தால்தான் மாற்று விமானம் கேட்க உங்களுக்குப் பிடி இருக்கும்.

ஆகவே ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சென்னையில் தங்கும் இரவைக் கொச்சிக்கு மாற்றுங்கள். எப்படியும் ஓர் இரவு வாடகை கொடுக்கத்தானே போகிறீர்கள்! அம்மாவும் காலையில் பதற்றமில்லாமல் ஏறுவார். திரும்பும்போதும் இதே ஏற்பாடு வேண்டும். பெட்டி எடையை அகத்தி டிக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்குக் கட்டுங்கள், அந்தமான் டிக்கெட்டை வைத்து அல்ல.

இன்னொன்று, பலர் கடைசியில் நினைப்பது: லட்சத்தீவுக்கு வெளியூர்க்காரர்கள் நுழைவு அனுமதி வாங்கியாக வேண்டும். இந்தியரே ஆனாலும் உண்டு. அது கைக்கு வரும் முன் ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் வேண்டாம். ஏற்கெனவே அப்படி ஒன்று வாங்கியிருந்து ரத்து செய்ய நேர்ந்தாலும், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. கேட்டு வாங்குங்கள்.