கேள்வி பதில்: குலைக்கணக்குக்கு ஒரு செயலி

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஏறக்குறைய ஒரே விஷயத்தையே சுற்றிச் சுற்றி வந்தன: பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி ஸ்கிரிப்டிங் மொழிகளில் ஃபோன் செயலி செய்வதும் அதைச் சோதிப்பதும். அதனால் மற்றதை எல்லாம் (சார்ஜ் ஏறாத ஃபோன், சலவை இயந்திரத்தில் குளித்த ஃபோன், பேரன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பள்ளிக்குப் போன ஃபோன்) அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். பள்ளியில் கொஞ்சம் பைத்தான் படித்தேன். அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கிற மேற்பார்வையாளர். யார் எத்தனை குலை வெட்டினார்கள் என்று வெளிக்காட்டில் நோட்டில் எழுதி, ராத்திரி உட்கார்ந்து கூட்டுகிறார். அதற்கு ஒரு செயலி செய்து தர ஆசை. பைத்தானில் முடியுமா, இல்லை ஜாவா, கோட்லின் படித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: முடியும் தம்பி. (ஊர்ப் பேரை பெஸ்தாரி ஜெயா என்று எழுதாமல் பழைய பேரை எழுதினாய் பார், அதற்காகவே உனக்கு முதல் இடம்.) ஆண்ட்ராய்டுக்குச் சொந்த மொழிகள் ஜாவாவும் கோட்லினும்தான், பைத்தான் அங்கே விருந்தாளி. பைத்தானில் திரை அமைக்க உதவும் கிவி என்கிற கருவியில் எழுதி, அதை ஆண்ட்ராய்டுச் செயலியாக்கும் பில்டோசரில் கட்டினால், அது பைத்தான் இயக்கியையே மூட்டை கட்டி உன் செயலியோடு சேர்த்து ஃபோனுக்குள் அனுப்பிவிடும். வெறும் வணக்கம் சொல்கிற செயலிகூட 10 எம்பியைத் தாண்டுவது அதனால்தான். பில்டோசர் விண்டோசில் நேரடியாக ஓடாது, லினக்ஸ் வேண்டும், விண்டோசுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டாலும் சரி. முதல் தடவை கட்டும்போது ஆண்ட்ராய்டு கருவிகளை எல்லாம் இறக்கும், ஜிபி கணக்கில் டேட்டா போகும், ஆகவே அப்பாவின் ப்ரீபெய்டு ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பித்துவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதே. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 முதல் ஆண்ட்ராய்டையும் ஐஓஎஸையும் பைத்தான் குழுவே ஆதரிக்கிறது, ஆதரவுப் படிகளில் கடைசியான மூன்றாம் வரிசையில்தான் என்றாலும் பட்டியலில் பேர் ஏறிவிட்டது.

இப்போது தமிழுக்கு வருவோம், ஏனென்றால் அப்பா செயலியைத் தமிழில்தான் கேட்பார். கிவியின் இயல்பு எழுத்துருவில் தமிழே கிடையாது, கட்டம் கட்டமாகத்தான் வரும். நான் முதலில் முயன்றபோது தமிழ் எழுத்துரு ஒன்றை இணைத்ததும் எழுத்து வந்தது, ஆனால் ‘செம்பனை’ என்று எழுதினால் ‘ச’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது, ‘ன’வின் ஐகாரமும் அப்படியே, பார்க்க வேறு ஏதோ மொழி மாதிரி இருந்தது. அது பழைய பதிப்பு. நீ முதல் நாளே வேறு எதையும் செய்வதற்கு முன் இந்த ஒரே சொல்லைத் திரையில் காட்டிப் பார், கொம்பு இடம் மாறினால் அங்கேயே நிறுத்திவிட்டு ரியாக்ட் நேட்டிவுக்குப் போய்விடு. செயலி கட்டுவதற்காக ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட கருவி அது, எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில். ஃபோனின் சொந்தப் பட்டன்களையும் சொந்த எழுத்துக் காட்டும் முறையையுமே பயன்படுத்துவதால் தமிழ் ஒழுங்காக வரும். ரியாக்ட் நேட்டிவுக்குத் துணையாக எக்ஸ்போ என்ற கருவித்தொகுப்பு உண்டு, அதன் எக்ஸ்போ கோ என்ற செயலியை ஃபோனில் போட்டுக்கொண்டு கணினித் திரையில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும், நீ ஒரு வரியை மாற்றிச் சேமித்த மறு நொடியில் ஃபோனில் மாறும்.

எதில் எழுதினாலும் சரி, கணக்கை ஃபோனுக்குள்ளேயே எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் சேமி. பைத்தானோடு அது கூடவே வருகிறது, எக்ஸ்போவிலும் சேர்த்துக்கொள்ளலாம். செம்பனைக்குள்ளே லைன் கிடைக்காது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இணையம் இருந்தால்தான் திறப்பேன் என்கிற செயலியை அப்பா இரண்டாம் நாளே மூடி வைத்துவிட்டு நோட்டுக்குத் திரும்பிவிடுவார். இன்னொன்று: நாலு நாள் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்து அப்பா கூடவே போ. அவர் என்ன எழுதுகிறார், காய்க்குலையை எப்படிக் குறிக்கிறார், உதிரிப் பழத்துக்குத் தனிக் கோடு போடுகிறாரா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து அப்புறம் கணினியைத் திற. நோட்டில் இருக்கிற கோடுகள்தான் உன் திரை.

கேள்வி: என் மகன் ஜாவாஸ்கிரிப்டில் செயலி செய்கிறேன் என்கிறான். பக்கத்து வீட்டுப் பட்டதாரி, அது வெறும் ஸ்கிரிப்டிங் மொழி, உண்மையான நிரல்மொழி இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகன் சொல்வது, ஐயா. பிரெண்டன் ஐக் 1995-இல் 10 நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதியது உண்மைதான், பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பத்து நாளையே பிடித்துக்கொண்டு நிற்கிறார் போலிருக்கிறது. ஸ்கிரிப்டிங் மொழி என்றால் எழுதினதை முன்கூட்டியே கட்டி வைக்காமல் அப்படியே ஓட்டுகிற மொழி, கொஞ்சம் மெதுவாக ஓடும், தப்பு இருந்தால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பல நேரம் தெரியும், குறை என்றால் அவ்வளவுதான். குலை எண்ணவும் கடன் எழுதவும் ராக்கெட் வேகம் எதற்கு? பையனுக்கு விளையாட்டுச் செயலியில் ஆசை இருந்தால் லூவா என்று ஒன்று உண்டு, பிரேசிலில் 1993-இல் பிறந்தது, போர்ச்சுகீசிய மொழியில் பேருக்கு நிலா என்று அர்த்தம். சோலார்2டி என்ற இலவசக் கருவியில் அந்த மொழியில் எழுதி ஃபோன் விளையாட்டு செய்யலாம்.

கேள்வி: வீட்டில் மடிக்கணினி இல்லை. ஆண்ட்ராய்டு ஃபோன் மட்டும்தான். அதிலேயே நிரல் எழுதிப் பழக முடியுமா, இல்லை வாங்கும்வரை சும்மா இருக்க வேண்டுமா? – படிவம் 4 மாணவி

பதில்: சும்மா இருக்காதே தங்கச்சி. பைட்ராய்டு 3 என்ற செயலியைப் போட்டுக்கொள், ஃபோனிலேயே பைத்தான் எழுதி ஓட்டலாம். கொஞ்சம் பழகினதும், ஃபோனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டுகிற டெர்மக்ஸ், அதை எஃப்-ட்ராய்டு என்ற இலவசச் செயலிக் கடையிலிருந்து எடு. ஃபோனில் ஸ்கிரிப்ட் ஓட்டுவது புதுசும் இல்லை, 2009-லேயே கூகுள்காரர்கள் அதற்கென்று ஒரு கருவி விட்டார்கள், பிறகு கைவிடப்பட்டுவிட்டது. விசைப்பலகைதான் தொல்லை, முற்றுப்புள்ளியைத் தேடுவதற்குள் யோசனை போய்விடும், ஒரு பழைய புளூடூத் விசைப்பலகை கிடைத்தால் வாங்கி வை.

பிளே ஸ்டோருக்குக் கொடுக்கிற மாதிரி முழுச் செயலியை ஃபோனிலேயே கட்டுவது சிரமம். ஆனால் செயலிக்கு உள்ளே இருக்கிற கணக்கு இருக்கிறதே, அதை எழுதவும் சோதிக்கவும் ஃபோன் தாராளமாகப் போதும். திரையை ஒரு கோப்பிலும் கணக்கை இன்னொரு கோப்பிலும் வைத்துப் பழகு, கணக்குக் கோப்பை பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி வைத்துச் சோதி. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், இன்றைக்கே செய்து பார். பைத்தானிடம் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று, நீளம் சொல்லும் ‘லென்’ கட்டளை போட்டுக் கேள். நமக்கு மூன்று. அது ஐந்து என்று சொல்லும், த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. சரி, அதனால் என்ன என்று கேட்பாய். பேரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டுகிற செயலி செய்தாய் என்று வை, கோவிந்தன் வெறும் ‘க’ ஆகிவிடுவார். பேருக்கு 20 எழுத்துதான் என்று வரம்பு வைத்தால் பாதிப் பேர் புள்ளி இல்லாமல் அறுந்து நிற்கும். ஓப்பன்-தமிழ் என்ற இலவச நூலகம் தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பிரித்துக் கொடுக்கும். அதைப் பயன்படுத்து, அப்புறம் ‘கோ’, ‘ஸ்ரீ’, ‘மு’ என்று தொடங்கும் பேர்களை வைத்து நாலு சோதனை எழுதி வை.

கேள்வி: சின்ன நிறுவனம் ஒன்றில் செயலி சோதிக்கும் வேலை. ஒரே திரையை நாளைக்கு நூறு தடவை கையால் தட்டுகிறேன், விரல் வலிக்கிறது, கண்ணும் போகிறது. இதை ஸ்கிரிப்ட் செய்யும் என்கிறார்களே, எங்கே தொடங்குவது?

பதில்: இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரிப்டிங் மொழியில் செயலி செய்வது விருப்பம், சோதிப்பது அவசியம் என்பது என் கட்சி.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்த மளிகைக் கடை ஒன்றுக்கு 555 கடன் புத்தகத்தைச் செயலியாக்கிக் கொடுத்தேன். என் ஃபோனில் அருமையாக ஓடியது, ரொம்பப் பெருமை. மூன்றாம் வாரம் ஓர் அக்கா கடையில் நின்று சத்தம் போடுகிறார், 12 ரிங்கிட் 40 சென் சாமானுக்கு 24 ரிங்கிட் 80 சென் எழுதியிருக்கிறது என்று. கடைக்காரரின் ஃபோன் பழசு, மெதுவானது. ‘சேமி’ பட்டனைத் தட்டியிருக்கிறார், ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கவே இன்னொரு தட்டு தட்டியிருக்கிறார், கடன் இரண்டு தடவை ஏறிவிட்டது. நான் சோதித்தபோது ஒரு தடவைக்கு மேல் தட்டியதே இல்லை. எழுதினவன் தன் செயலியைத் தட்டுகிற விதமே வேறு, அது உடையாத இடத்தில்தான் அவன் விரல் போகும்.

இனி வழி. ஃபோன் அமைப்பில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை 7 தடவை தட்டுங்கள், டெவலப்பர் பகுதி திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டுக் கம்பியில் கணினியோடு இணையுங்கள். ஏடிபி என்ற கருவி இப்போது ஃபோனோடு பேசும். ‘இன்புட் டேப் 540 1200’ என்று கட்டளை கொடுத்தால் அந்தப் புள்ளியில் ஒரு தட்டு. அதை பைத்தானில் ஒரு சுற்றுக்குள் போட்டால் நூறு தட்டு, நீங்கள் அதற்குள் தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். என் ‘சேமி’ பட்டனுக்கு அப்படித்தான் அடுத்தடுத்து இரட்டைத் தட்டு எழுதி வைத்தேன், இன்றுவரை ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் முதலில் ஓடுவது அதுதான்.

ஆண்ட்ராய்டோடு மங்கி என்றும் ஒன்று வருகிறது, பேருக்கு ஏற்ற குரங்கு. 5000 என்று சொன்னால் 5000 தடவை கண்ட இடத்தில் தட்டும், இழுக்கும், பின்னால் போகும். செயலி விழுந்தால் நின்று, எங்கே விழுந்தது என்று காட்டும். மைனஸ் எஸ் போட்டு ஓர் எண்ணைக் கொடுத்து வைத்தால் அடுத்த முறையும் அதே குரங்கு அதே சேட்டையைச் செய்யும், தப்பைத் திரும்ப வரவழைக்க அது முக்கியம். மைனஸ் பி போட்டு எந்தச் செயலி என்று சொல்ல மறந்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை மறந்தேன், குரங்கு ஃபோன் முழுக்க மேய்ந்து, ராத்திரி 11 மணிக்கு மச்சானுக்கு அழைப்புப் போட்டுவிட்டது. சோதனைக்குத் தனி ஃபோன் வைத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் பழகினதும், செயலியைத் தானே தட்டிச் சோதிக்கிற ஆப்பியம் என்ற கருவி. இலவசம், பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ரூபியிலும் எழுதலாம், ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் பொது. இதில் புள்ளி எண் கொடுத்துத் தட்டாமல் ‘சேமி என்ற பட்டனைத் தேடித் தட்டு’ என்று சொல்லலாம், அதனால் வேறு அளவுத் திரைக்குப் போனாலும் ஸ்கிரிப்ட் உடையாது. புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஐந்து நொடி தூங்கச் சொல்வது. அதைச் செய்யாதீர்கள், பட்டன் தோன்றும்வரை காத்திரு என்று எழுதுங்கள். ஐந்து நொடி வேகமான ஃபோனில் வீண், மெதுவான ஃபோனில் போதாது.

முதல் கேள்வி கேட்ட தம்பியும் இதைப் படிக்க வேண்டும்: கிவி தன் பட்டன்களைத் தானே வரைந்துகொள்வதால் ஆப்பியத்துக்கு அவை பட்டனாகவே தெரியாது, திரை முழுக்க ஒரே படம்தான். அங்கே மறுபடி புள்ளி எண்தான் கதி. ரியாக்ட் நேட்டிவில் பட்டனுக்குப் பேர் வைத்துவிட்டால் ஆப்பியம் கண்டுபிடித்துவிடும். கிவியா ரியாக்ட் நேட்டிவா என்று என்னைக் கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வதற்கு எழுத்துருவைவிட இது பெரிய காரணம்.

அப்புறம், ஸ்கிரிப்ட் பார்க்காதது ஒன்று உண்டு. வியர்த்த விரல், கையுறை, உச்சி வெயிலில் திரை தெரியாமல் நிழலுக்குச் சாய்கிற தலை. அதற்கு மனுசன்தான் வேண்டும், உங்கள் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: செயலி தயாரானால் கடையில் ஏற்ற என்ன செலவு? ஐபோனுக்கும் செய்யலாமா? கூகுள் 12 பேர் கேட்கிறது என்கிறார்களே, அது என்ன?

பதில்: கூகுளுக்கு ஒரே தடவை 25 அமெரிக்க டாலர். ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர், கட்டுவதற்கு மேக் கணினியும் வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்போ மாதிரி மேகத்தில் கட்டித் தருகிற சேவை. ஐபோனை இப்போதைக்கு விடுங்கள்.

12 பேர் விஷயம் உண்மை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பேரில் திறந்த கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் பார்ப்பது) சேர்ந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம். முதலில் 20 என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். ஒரு தோட்டத்துக்குள் நாலு மண்டோர்களுக்கு மட்டும் என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம், ஏபிகே என்கிற நிறுவல் கோப்பை நேராக அவர்கள் ஃபோனில் போட்டுக் கொடுக்கலாம். பிளே ஸ்டோர்தான் வேண்டும் என்றால் சாயங்காலம் திடலில் பந்தாடுகிற பையன்களைப் பிடியுங்கள், பதினொரு பேர் ஆயிற்று. பன்னிரண்டாவதாக என்னைப் போட்டுக்கொள்ளுங்கள், என் கடை ஃபோன் ரொம்ப மெதுவானது, ‘சேமி’யை இரண்டு தடவை தட்டிப் பார்க்கிறேன்.