மருத்துவர் பதில்கள்: குடி, பெனடோல், கல்லீரல்

கேள்வி: கணவர் தினமும் சம்சு (மலிவுச் சாராயம்) குடிக்கிறார். மறுநாள் தலைவலிக்கு வெறும் வயிற்றில் நான்கு பெனடோல் போடுகிறார். சிகரெட்டும் உண்டு. கல்லீரல் கெடுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கெடலாம், அம்மா. தினக்குடி கல்லீரலில் 'சிப் 2இ1' என்ற நொதியைப் பெருக்கும். அது பெனடோலில் உள்ள பாராசிட்டமால் மருந்தின் ஒரு பகுதியை நச்சாக்கும். அந்த நச்சை முறிக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள், சரியாகச் சாப்பிடாதவருக்குக் குறைவு. போதை தெளிந்த மறுநாள்தான் மோசம்: சாராயம் வடிந்ததும் நொதி முழுக்க மாத்திரைப் பக்கம் திரும்பும்.

முதலில் கஞ்சி. பிறகு 500 மில்லிகிராம் ஒன்று, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. நாளுக்கு நான்குக்கு மேல் கூடாது. சளி மருந்திலும் பாராசிட்டமால் இருக்கும், அட்டையைப் பாருங்கள். அளவு மீறினால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது.

சிகரெட் புகை தூண்டுவது வேறு நொதியை; ஆஸ்துமா மருந்தான தியோபிலினைச் சிதைப்பது அதுதான். அதை எடுப்பவர் புகையை நிறுத்தினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். அப்படிப்பட்டவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தட்டும்.