குளிர்ந்த காலையில் கியர் இறுக்கமாக விழுவது ஏன், எந்த கியர் ஆயில் ஊற்றலாம்?

மார்கழி விடியலில் கும்பகோணம், மன்னார்குடி பக்கம் காரை எடுத்தால் முதல் இரண்டு கியரும் இறுக்கமாக விழுகின்றன, கொஞ்ச தூரம் ஓடியதும் சரியாகிவிடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் கியர் ஆயில்தான். கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் தேயாமல் காக்கும் எண்ணெய் அது. இன்ஜின் ஆயில் வேறு.

கியர் மாற்றும்போது, வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை சின்க்ரோ வளையம் உரசிப் பிடித்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். குளிரில் ஆயில் தடித்துப்போவதால் நடுவில் உள்ள எண்ணெய்ப் படலம் சட்டென்று விலகாது, வளையம் பிடிக்கத் தாமதமாகும், அதுதான் கையில் இறுக்கமாகத் தெரிகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் இறங்க மறுக்கிறதே, அந்த மாதிரி. கியர் ஆயில் அந்த அளவுக்கு உறையாது.

டப்பாவில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்று இருக்கும். முதல் எண் குறையக் குறையக் குளிரில் இளக்கமாக ஓடும். 90 என்பது நன்றாகச் சூடான பிறகு உள்ள தடிமன். வண்டிக் கையேடு இரண்டையும் அனுமதித்தால் 75 எடுங்கள். டெல்டா குளிருக்கு 80 இருந்தாலே போதும், ஆனால் டிசம்பரில் கொடைக்கானல் போகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அப்புறம், டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று ஆயிலின் வகையும் போட்டிருக்கும். ஜிஎல்-4ஐ விட ஜிஎல்-5 உசத்தி என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்: ஜிஎல்-5இல் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும், கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள்.