சலவைக் கணக்கில் மாட்டியவர்

கேள்வி: மதுவிலக்குக் கால அமெரிக்காவைக் காட்டும் ‘போர்ட்வாக் எம்பயர்’ டி.வி. தொடரை முழுதாகப் பார்த்து முடித்தேன். நக்கி தாம்ப்சன் மாதிரி ஒரு தாதாவை ஓர் ஊரே எப்படிச் சகித்துக்கொண்டது? மதுவிலக்கு கொண்டுவந்தால் ஊழல்தான் மிஞ்சும் என்பதைத்தானே இந்தத் தொடர் காட்டுகிறது?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: சகித்துக்கொண்டதா? யார் சொன்னது? அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் அட்லாண்டிக் சிட்டி அந்த மனிதரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஏறக்குறைய முப்பது வருடம், அவர் கைகாட்டிய ஆளுக்கெல்லாம் ஓட்டுப் போட்டது. சகித்துக்கொண்டது என்று சொன்னால் ஊர் அந்தப் பக்கம், கொள்ளைக்காரன் இந்தப் பக்கம் என்று ஆகிவிடும். உங்கள் மனதில் அப்படிப் பதித்ததே தொடர்தான். அதோடு எனக்கு இருக்கும் பெரிய சண்டையும் அதுதான்.

நிஜ மனிதரின் பெயர் ஈனக் ஜான்சன். ‘நக்கி’ ஜான்சன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அந்த ஊர் இருக்கும் அட்லாண்டிக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பொருளாளர். சம்பளம் வருடத்துக்கு 6,000 டாலர். உண்மையான வருமானம் வருடத்துக்கு 5 லட்சம் டாலரைத் தாண்டியது என்று மதிப்பிடுகிறார்கள். ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் ஒன்பதாவது மாடியில் ஜாகை. கோட்டில் தினமும் சிவப்பு கார்னேஷன் பூ. வெளிர் நீலத்தில் நீளமான கார். தொடரில் இந்த மனிதர் துப்பாக்கியை எடுத்துத் தன் கையாலேயே ஆட்களைக் கொல்கிறார். நிஜ ஜான்சன் யாரையும் கொன்றதாகப் பதிவே இல்லை. கொல்ல வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை. அதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அது கோடையில் மட்டும் பிழைக்கிற ஊர். பிலடெல்பியாவிலிருந்து ரயில் ரயிலாக ஜனம் வந்து இறங்கும். கடற்கரை ஓரம் நீளும் ‘போர்ட்வாக்’ என்கிற மரப்பலகை நடைபாதையில் உலாவும், செலவழிக்கும், போய்விடும். செப்டம்பர் தாண்டினால் ஓட்டல்களில் வேலை கிடையாது. அந்த ஓட்டல்களில் சமைத்ததும் கூட்டித் துடைத்ததும் பெட்டி தூக்கியதும் பெரும்பாலும் கறுப்பின மக்கள். நார்த்சைட் என்கிற பகுதியில் ஒதுக்கி வைக்கப்பட்டு வாழ்ந்தவர்கள். பனிக்காலத்தில் அவர்கள் வீட்டு அடுப்புக்கு நிலக்கரி யார் அனுப்பினார்கள்? ஜான்சனின் கட்சி ஆட்கள். மளிகை, மருத்துவச் செலவு எல்லாம் அவர்கள் வழியாகத்தான் போயிற்று. தேர்தல் வந்ததும் அந்த வீடுகள் யாருக்கு ஓட்டுப் போடும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அரசாங்கம் எட்டிக்கூடப் பார்க்காத வீட்டுக்கு ஒருவன் கரி மூட்டை கொண்டுவந்து இறக்குகிறான் என்றால், அவன் எங்கே திருடினான் என்று கேட்கும் வசதி அந்த வீட்டுக்கு இல்லை.

ஓட்டல் முதலாளிகளுக்கு அந்த வசதி இருந்தது. அவர்களும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது என்று நியூ ஜெர்சியில் 1920க்கு முன்பே சட்டம் உண்டு. வாரத்தில் ஆறு நாள் உழைக்கிற தொழிலாளிக்கு இருக்கிற ஒரே விடுமுறை ஞாயிறு. அன்று கடையைப் பூட்டினால் ஊருக்கு வருமானம் ஏது? அதனால் சட்டத்தை மதிக்காமல் இருக்க ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை. விலையை வசூலிக்க ஓர் ஆள். ஜான்சனுக்கு முன்னால் அந்த ஆள் ‘கமடோர்’ என்று அழைக்கப்பட்ட லூயி கீன்லி. பிற்பாடு ஜனாதிபதியான வுட்ரோ வில்சன் அப்போது மாநில கவர்னர். 1911இல் அவர் ஊழல் வேட்டை தொடங்கினார். குடிநீர்க் குழாய் ஒப்பந்தம் ஒன்றில் மாட்டிய கீன்லி சிறைக்குப் போனார். அதே நேரத்தில் வழக்கில் நின்ற ஜான்சன் விடுதலையாகி வெளியே வந்து, காலியான நாற்காலியில் உட்கார்ந்தார். நாடு முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1920 ஜனவரி 17. தேதிகளைப் பாருங்கள். எது முதலில் வந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன். 1919இல் எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்பவர், நியூ ஜெர்சியை அட்லாண்டிக் கடலைப் போல ஈரமாகவே வைத்திருப்பேன், அதாவது மது ஓடவிடுவேன் என்று மேடை மேடையாகச் சொல்லிப் பிரசாரம் செய்தார். கவர்னராக ஜெயித்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த மரப்பலகை நடைபாதை என்றதும் இன்னொரு அநியாயம் நினைவுக்கு வருகிறது. மோனோபாலி ஆட்டம் தெரியும் அல்லவா? அமெரிக்கப் பலகையில் இருக்கும் தெருப் பெயர்கள் இந்த அட்லாண்டிக் சிட்டியின் தெருக்கள்தான். மிக விலையுயர்ந்த கட்டமே போர்ட்வாக். அதைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்று வெகுகாலம் பெட்டிக்குள்ளேயே அச்சடித்து விற்றார்கள். உண்மையில் அதன் மூல ஆட்டத்துக்கு 1904இலேயே காப்புரிமை வாங்கியவர் எலிசபெத் மேகி என்ற பெண். நிலத்தை வளைத்துப் போடுகிறவர்கள் எப்படி மற்றவர்களை நசுக்குகிறார்கள் என்று காட்டுவதற்காகவே அவர் அதைச் செய்தார். ஆட்டத்தை விற்ற கம்பெனி 1935இல் அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. டாரோ கோடீஸ்வரர் ஆனார். சட்டம் மீறப்படவில்லை, ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை. எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம்.

சரி, தொடருக்கு வருவோம். 2010 முதல் 2014 வரை ஐந்து சீசன், 56 எபிசோடு. முதல் எபிசோடை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கோர்செஸி. நான் ஒன்றையும் விடவில்லை. முதல் எபிசோடிலேயே நக்கி மதுவிலக்குப் பெண்கள் சங்கத்தில் உருக்கமாகப் பேசி அழவைத்துவிட்டு, நேராகப் போய்ச் சாராய வியாபாரத்தைப் பங்கு போடுவார். அருமையான காட்சி. போரில் பாதி முகத்தை இழந்து, முகமூடியோடு அலைகிற ரிச்சர்ட் ஹாரோவை யாரால் மறக்க முடியும்? முதல் உலகப் போரில் முகம் சிதைந்தவர்களுக்காகப் பாரிஸில் அன்னா கோல்மன் லாட் என்ற சிற்பி மெல்லிய செம்புத் தகட்டில் முகமூடி செய்து, தோலின் நிறத்தில் வர்ணம் பூசிக் கொடுத்தார். அந்தச் சரித்திரத்தை மனதைப் பிசைகிற மாதிரி கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் ஊழல் என்று வரும்போது மட்டும் துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறார்கள்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு இது என்னுடைய பழைய வழக்கு என்று தெரியும். ஊழல் ரத்தத்தால் நடப்பதில்லை, காகிதத்தால் நடக்கிறது. இதைச் சொன்னதற்காக ஒரு சினிமா இயக்குநர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். “கணக்கு நோட்டை எவன் சார் ரெண்டு மணி நேரம் பார்ப்பான்?” என்பது அவர் வாதம். பார்ப்பான். எப்படிக் காட்டுவது என்று தெரிந்திருந்தால் பார்ப்பான்.

ஜார்ஜ் ரீமஸை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரிலும் வருகிறார், நிஜத்திலும் சின்சினாட்டியில் வாழ்ந்தவர். மருந்துக் கடைக்காரராக இருந்து வக்கீல் ஆனவர். மதுவிலக்குச் சட்டத்தை வரி வரியாகப் படித்தார். டாக்டர் சீட்டு இருந்தால் விஸ்கி மருந்தாகிவிடும் என்ற ஓட்டை அவர் கண்ணில் பட்டது. மூடிக் கிடந்த வடிசாலைகளை, கிடங்கில் இருந்த சரக்கோடு சேர்த்து விலைக்கு வாங்கினார். மருந்து மொத்த விற்பனைக் கம்பெனிகளையும் வாங்கினார். கிடங்கிலிருந்து சரக்கை எடுக்க அரசு பெர்மிட். அதன்படி லாரி கிளம்பும். வழியில் கொள்ளைக்காரர்கள் மடக்குவார்கள். அந்தக் கொள்ளைக்காரர்களும் ரீமஸின் ஆட்கள்தான்! பெர்மிட்டும் பாதுகாப்பும் கிடைக்க அவர் பணம் கொடுத்தது யாரிடம்? ஜனாதிபதி ஹார்டிங்கின் அட்டர்னி ஜெனரல், அதாவது நீதித்துறை அமைச்சர் ஹாரி டோகெர்ட்டியின் வலது கையான ஜெஸ் ஸ்மித்திடம். இதில் எந்த இடத்தில் துப்பாக்கி வேலை செய்தது? கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வேலை செய்தன.

அதே டோகெர்ட்டியின் துறையில்தான் மேபல் வாக்கர் வில்லிபிராண்ட் இருந்தார். 1921இல் உதவி அட்டர்னி ஜெனரலாக வந்தபோது அவருக்கு வயது 32. காது சரியாகக் கேட்காது. தலைமுடியைப் பார்த்துப் பார்த்து வாரிக் காதுக் கருவியை மறைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். கள்ளச்சாராயத்தில் வந்த பணமானாலும் வருமானம் வருமானம்தான், கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும் என்பது அவர் வாதம். 1927இல் சல்லிவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 1931இல் சிகாகோ தாதா அல் கபோனை 11 வருடம் உள்ளே தள்ளிய ஆயுதம் அதுதான். கபோனைத் தெரியாதவர் கிடையாது. வில்லிபிராண்டை எத்தனை பேருக்குத் தெரியும்? தொடரில் அவர் பெயரை எஸ்தர் ராண்டால்ஃப் என்று மாற்றி, துணைப் பாத்திரமாக ஓர் ஓரத்தில் வைத்துவிட்டார்கள். அவரை நடுவில் வைத்தே ஐந்து சீசன் எடுக்கலாமே!

ஜான்சன் எப்படி மாட்டினார் என்று கேளுங்கள். வரித்துறை ஆட்கள் வருடக்கணக்கில் அந்த ஊரில் உட்கார்ந்து தோண்டினார்கள். வாய் திறக்க ஆள் இல்லை. விபசார விடுதிகளின் வரவைக் கண்டுபிடிக்க அவர்கள் போன இடம் சலவைக் கடை. எந்த விடுதியிலிருந்து எத்தனை துண்டு வெளுக்க வந்தது என்று எண்ணினார்கள். துண்டை வைத்து ஆளைக் கணக்குப் போட்டு, ஆளை வைத்துப் பணத்தைக் கணக்குப் போட்டார்கள். நினைத்துப் பாருங்கள்: ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது, அழுக்குத் துண்டு சாட்சி சொல்கிறது! இதைவிடப் பிரமாதமான காட்சியை எந்தக் கதாசிரியர் எழுதிவிடுவார்? கடைசியில், எண்ணில் பணம் கட்டும் சூதாட்டத்தை நடத்தியவர்கள் கொடுத்த மாமூலுக்கு வரி கட்டாத குற்றத்துக்காக 1941இல் ஜான்சனுக்கு 10 வருடச் சிறை, 20,000 டாலர் அபராதம். நாலு வருடத்தில் பரோலில் வந்தார். அபராதம் கட்ட என்னிடம் எதுவும் இல்லை, நான் ஏழை என்று சத்தியம் செய்து கொடுத்தார். 1968 வரை வாழ்ந்து, 85 வயதில் இறந்தார். தொடரில் 1931இலேயே அதே நடைபாதையில் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்குக் கணக்கு நேராகிவிட்ட திருப்தி. நிஜத்தில் அந்தக் கணக்கு நேராகவே இல்லை. அதை நேராகிவிட்டதாகக் காட்டுவதுதான் எனக்குக் கோபம்.

மதுவிலக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் அது தோற்றது உண்மை. ஆனால் சும்மா கொண்டுவந்த சட்டம் அல்ல. கூலியை அப்படியே மதுக்கடையில் தொலைத்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன்மார்களைப் பார்த்த பெண்கள் பல வருடம் தெருவில் இறங்கிப் போராடியதும் அதன் பின்னால் இருக்கிறது. அந்தக் காலத்தில் கல்லீரல் நோயால் சாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது என்பதும் உண்மை. அதோடு, சட்டத்தை நடத்த வேண்டிய ஏஜெண்டுகளுக்கு 1927 வரை சிவில் சர்வீஸ் தேர்வே கிடையாது; அரசியல்வாதியின் சிபாரிசுதான் தகுதி. அப்படி ஆள் எடுத்தால் எந்தச் சட்டமும் தோற்கும்.

மதுவிலக்கு 1933 டிசம்பர் 5ஆம் தேதி முடிந்தது. ஜான்சனின் ஆட்சி அதற்குப் பிறகும் 1941 வரை நடந்தது. அவர் சிறைக்குப் போனதும் ஃபிராங்க் ஃபார்லி என்ற அரசியல்வாதி அந்த இடத்துக்கு வந்தார். அவரைத் தேர்தலில் தோற்கடிக்க அந்த ஊருக்கு 1971 வரை ஆயிற்று.